கியூஷூவா, ஹொக்கைடோவா? கேம்பர்வேனில் வெந்நீரூற்றுகளைத் தேடி ஒரு பயணம்

ஜப்பானின் நாட்டுப்புறத்தைக் கேம்பர்வேனில் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தீவுகளுக்கு இடையில்தான் தயங்குகிறார்கள்: தெற்கே கியூஷூ, வடக்கே ஹொக்கைடோ. இரண்டும் எரிமலை நிலங்கள். இரண்டிலும் மலைப்பாதைகளும் ஏரிகளும் 'ஒன்சென்' எனப்படும் வெந்நீரூற்றுகளும் நிறைந்திருக்கின்றன. இரண்டிலும் வேன் வாடகைக்குக் கிடைக்கிறது. பகலில் எதைப் பார்ப்பது என்ற கணக்கில் இவற்றை ஒப்பிட்டால் முடிவே கிடைக்காது, ஏனென்றால் இரண்டிலும் காட்சிக்குக் குறைவில்லை. மாலையில் எங்கே குளிப்போம், இரவில் வண்டியை எங்கே நிறுத்தித் தூங்குவோம் என்ற இரு கேள்விகளை முன்வைத்தால்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்பது என் கருத்து.

முதலில் தூரம். ஹொக்கைடோவின் பரப்பு ஏறத்தாழ 78,000 சதுர கிலோமீட்டர். அங்கே வாழ்பவர்கள் சுமார் 50 லட்சம் பேர். கியூஷூ அதில் பாதிக்கும் குறைவான பரப்பில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருக்கிறது. சப்போரோவிலிருந்து ஷிரெத்தொக்கோ தீபகற்பத்தின் உத்தொரோ ஊருக்குச் செல்ல ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஒரு பகல் முழுவதும் அதற்கே போய்விடும். கியூஷூவிலோ பெப்புவில் காலையில் குளித்துவிட்டு, யமனாமி நெடுஞ்சாலை வழியாக குஜூ மலைகளைக் கடந்து, மதியம் குரோகாவாவில் மீண்டும் குளித்துவிட்டு, மாலை வெளிச்சம் இருக்கும்போதே அசோவின் தாய்கான்போ முகட்டில் நின்றுவிடலாம். அங்கிருந்து கீழே தெரிவது உலகின் பெரிய எரிமலைப் பெருவாய்களில் ஒன்று. வடக்கு தெற்காக 25 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டரும் விரிந்த அந்தப் பள்ளத்துக்குள் நெல்வயல்களும் ஊர்களும் ரயில் பாதையும் இருக்கின்றன. நடுவில் நாக்காதாக்கே எரிமலை இன்னமும் புகைந்துகொண்டிருக்கிறது. எரிமலை வாயுவின் அளவு கூடினால் எரிமலை வாயின் விளிம்புக்குப் போகும் சாலையை உடனே மூடிவிடுவார்கள் என்பதால், அந்த நாளுக்கு மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

குளியலைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை: கியூஷூதான் முந்துகிறது. ஜப்பானிலேயே அதிக எண்ணிக்கையில் வெந்நீரூற்றுகளும் அதிக நீர்ச்சுரப்பும் உள்ள மாவட்டம் கியூஷூவின் ஓயிதா. அதன் பெப்பு நகரில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்கென்றே உள்ள 'நரகக் குளங்கள்' அந்த நகரின் ஒரு பக்கம்தான். அதன் உயிர், குடியிருப்புவாசிகள் தாங்களே சேர்ந்து நடத்தும் சின்னஞ்சிறு தெருக் குளியலகங்களில் இருக்கிறது; சில நூறு யென் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பெரியவர்களோடு ஒரே தொட்டியில் அமர்ந்து குளிக்கலாம். 1879இல் தொடங்கி 1938இல் இன்றைய கட்டடத்தைப் பெற்ற தாக்கேகவாரா குளியலகத்தில் சூடான மணலில் புதைந்து கிடக்கவும் முடியும். அங்கெல்லாம் நீர் மிகவும் சூடாக இருக்கும். தொட்டியில் இறங்குவதற்கு முன் உடலை நன்றாகக் கழுவ வேண்டும், சிறு துண்டு தொட்டி நீரில் படக்கூடாது, பல இடங்களில் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்ற விதிகள் இரண்டு தீவுகளுக்கும் பொதுவானவை.

குரோகாவா வேறு வகை. மலைப்பள்ளத்தாக்கின் ஓடையோரம் முப்பதளவு விடுதிகள் மட்டுமே உள்ள அந்த ஊர், 1986 முதல் ஒகுனி பகுதித் தேவதாரு மரத்தில் வட்டமாக வெட்டிய ஒரு பலகையை அனுமதிச் சீட்டாக விற்கிறது. அது ஒன்றை வாங்கினால் மூன்று விடுதிகளின் திறந்தவெளிக் குளங்களில் குளிக்கலாம். விடுதியில் அறை எடுக்காமல் குளியலை மட்டும் நாடி வரும் வேன் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஷின்மெய்கான் விடுதியில் பாறையை உளியால் கையாலேயே குடைந்து அமைத்த குகைக் குளம் இருக்கிறது. இன்னும் கிழக்கே நாகாயூவில் ஊற்றுநீர் இயற்கையாகவே கரியமில வாயு நிறைந்தது. கட்டடக் கலைஞர் புஜிமோரி தெருனொபு வடிவமைத்து 2005இல் திறந்த ராமுனே குளியலகத்தில், 32 டிகிரி அளவே சூடுள்ள அந்த நீரில் அசையாமல் அமர்ந்திருந்தால் உடம்பெங்கும் நுண்குமிழிகள் படிந்துவிடும். தெற்கு முனையில் இபுசுக்கியின் கடற்கரை மணல் குளியல், கிரிஷிமாவின் கந்தக நீர், மேற்கே உன்சென் என்று இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

ஹொக்கைடோவில் குளங்களுக்கு இடையே தூரம் அதிகம் என்றாலும், கியூஷூவில் எளிதில் கிடைக்காத ஒன்று அங்கே இருக்கிறது: காட்டுக்குள்ளும் ஏரிக்கரையிலும் கட்டணமே இல்லாமல் திறந்து கிடக்கும் குளங்கள். குஷ்ஷாரோ ஏரியோரம் கோத்தான் என்ற இடத்தில் உள்ள குளத்தை ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பிரிப்பது ஒரு பெரிய பாறைதான். குளத்து நீரும் ஏரி நீரும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். ராவுசுவின் குமானோயூ, உள்ளூர் மக்களே தேய்த்துக் கழுவிப் பராமரிக்கும் குளம். தொக்காச்சி மலையடிவாரத்தில் உள்ள புக்கியாகே ஆண்களும் பெண்களும் ஒன்றாகக் குளிக்கும் திறந்தவெளிக் குளம் என்பதால், கூச்சப்படுகிறவர்கள் அதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. கவாயூவில் கடும் அமிலத்தன்மை உள்ள வெந்நீர் ஆறாகவே ஊருக்குள் ஓடுகிறது.

இரவு நிறுத்தம் என்று வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. ஜப்பான் முழுவதும் 1,200க்கும் மேற்பட்ட 'மிச்சி நோ எக்கி' என்ற சாலையோர நிலையங்கள் உள்ளன. 1993இல் முறைப்படி தொடங்கிய இவற்றில் இருபத்து நான்கு மணி நேரமும் கழிப்பறை உண்டு, நிறுத்துவதற்குக் கட்டணம் இல்லை, சிலவற்றில் குளியலகமும் உண்டு. ஆனால் களைத்த ஓட்டுநர் சற்றுக் கண்ணயர்வதற்காக ஏற்பட்ட இடங்கள் இவை. தங்கும் நோக்கத்தோடு வர வேண்டாம் என்பதே சாலைத் துறையின் நிலைப்பாடு. நாற்காலி, மேசை விரிப்பதும், அடுப்பு மூட்டுவதும், இரவு முழுவதும் இயந்திரத்தை ஓடவிடுவதும் அங்கே தவறு. வெளிநாட்டுப் பயணிகள் இதைக் கவனிக்காமல் நடந்துகொள்வதால் உள்ளூர்வாசிகளின் பொறுமை குறைந்துவருகிறது என்பதைக் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மின் இணைப்போடு முறைப்படி இரவு தங்க, 'ஆர்வி பார்க்' என்ற கட்டண நிறுத்தங்களை நாடலாம். இவை இரண்டு தீவுகளிலும் உண்டு. ஹொக்கைடோவுக்குக் கூடுதலாக உள்ள வசதி, ஊராட்சிகள் நடத்தும் மலிவான முகாம் திடல்கள். அகலமான சாலையும் விசாலமான நிறுத்தமும் இருப்பதால் பெரிய வண்டியும் அங்கே சுமையாகத் தெரியாது. பழுப்புக் கரடிகள் திரியும் நிலம் என்பதால் உணவையும் குப்பையையும் வெளியே வைக்கக் கூடாது. அந்தி நேரத்தில் சாலையில் பாயும் மான்களுக்காக வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

வண்டியின் அளவை இதை வைத்தே தீர்மானிக்கலாம். 3.4 மீட்டர் நீளமும் 1.48 மீட்டர் அகலமும் மட்டுமே உள்ள சிறிய 'கெய்' வகை வேன், பெப்புவின் சந்துகளிலும் மலைக் கிராமப் பாதைகளிலும் நிம்மதியாக நுழையும். இருவருக்கு மேல் அதில் தூங்க முடியாது. லாரி அடித்தளத்தில் கட்டிய, ஐந்து மீட்டர் நீளமும் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் உள்ள பெரிய வண்டி குடும்பத்துக்கு ஏற்றது, ஆனால் கியூஷூவில் அது ஓட்டுநரின் தோளை இறுக்கிவிடும். இடப்பக்கமாக ஓட்டும் முறை தமிழ்நாட்டவர்க்கும் இலங்கையர்க்கும் பழகியதே; 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் சிவப்புக் குழாய் சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர்ரகப் பெட்ரோல், பச்சை டீசல். சைவ உணவுக்காரர்களுக்கு வேனின் சமையல் மேடை பெரிய துணை, ஏனெனில் ஜப்பானியச் சூப்புகளில் பெரும்பாலும் மீன் சாரம் கலந்திருக்கும். சாலையோர நிலையங்களில் அந்தந்த ஊர் உழவர்களின் காய்கறி கிடைக்கும். பெப்புவின் கன்னாவா பகுதியில் அவற்றை ஊற்றின் நீராவியிலேயே வேகவைத்துச் சாப்பிடலாம்.

பருவத்தில் தவறினால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். கியூஷூவில் ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை மழைக்காலம். 2020 ஜூலையில் குமா ஆறு பெருக்கெடுத்து ஹித்தொயோஷியை மூழ்கடித்ததை மறக்கக் கூடாது. அதைத் தொடர்ந்து வரும் கோடையில் சமவெளி இரவுகள் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் வேனைப் புழுக்கத்தில் ஆழ்த்தும், அடுத்துப் புயல்கள். ஆகவே ஏப்ரல், மே, பின்பு அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் முடிய உள்ள நாட்களே கியூஷூவுக்கு ஏற்றவை. ஹொக்கைடோவில் அப்படிப்பட்ட மழைக்காலம் பெரும்பாலும் இல்லை. ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை போர்வையோடு சுகமாகத் தூங்கலாம். ஜூலை நடுவில் புரானோவின் லாவெண்டர் வயல்கள் பூத்திருக்கும், செப்டம்பர் நடுவிலேயே தாய்செத்சு மலைகளில் இலைகள் சிவக்கும். நவம்பர் தொடக்கத்தில் ஷிரெத்தொக்கோ கணவாய்ச் சாலையை மூடினால் ஏப்ரல் இறுதியில்தான் திறப்பார்கள். பனிக்காலத்தில் வேனில் உறங்குவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெய்யும் பனி புகைக்குழாயை அடைத்து, நச்சு வாயு உள்ளே புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷூவின் வடகிழக்குப் பகுதியான தோஹொக்குவும் போட்டியில் உண்டு. பி.எச். 1.2 என்ற கடும் அமிலத்தன்மையோடு கொதித்துவரும் தாமகாவா நீரும், நியூத்தோவின் ஏழு விடுதிகளும், ஹக்கோதா மலையில் சுக்காயூவின் பெரிய மரக் குளமும் எதற்கும் குறைந்தவை அல்ல. ஆனால் அங்குள்ள சிறந்த குளங்கள் பழைய விடுதிகளுக்குள் இருப்பவை. வெளியார் குளிக்கும் நேரம் பிற்பகலிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. அந்த நிலத்தை விடுதியில் தங்கியே அனுபவிக்க வேண்டும்.

வெந்நீரே நோக்கம் என்றால், முதல் பயணத்துக்கு நவம்பர் கியூஷூவையும் சிறிய வேனையும் தேர்ந்தெடுப்பேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் ஜூலை, ஆகஸ்டில்தான் கிளம்ப முடியும் என்கிற குடும்பம் பெரிய வண்டியோடு ஹொக்கைடோவுக்குப் போவதே சரி. ஆனால் ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விடுமுறையில் ஜப்பானியக் குடும்பங்களும் முகாம் திடல்களை நிறைத்துவிடும் என்பதால், வண்டியையும் அந்த வார இரவுகளையும் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும்.