டான்ஸ் ஃபார் பி.டி.: வீட்டுக் கூடத்தில் அப்பாவோடு ஆடிப் பார்த்ததில்

பார்கின்சன் (சுருக்கமாக பி.டி., அசைவும் நடையும் தடுமாறும் மூளை நோய்) வந்தவர்களுக்காக புரூக்ளினில் உள்ள மார்க் மாரிஸ் நடனக் குழு, அங்குள்ள நோயாளிகள் அமைப்போடு சேர்ந்து 2001-இல் தொடங்கிய வகுப்பு இது. இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. நேரலையும் உண்டு, ஆனால் நியூயார்க்கின் பகல் நமக்கு ராத்திரி, அப்பா ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார், அதனால் பதிவு செய்த வீடியோக்களை வைத்துத்தான் ஓட்டுகிறோம். அதற்குக் காசு எதுவும் கட்டவில்லை.

எனக்கு இதில் முதலில் பிடித்தது, யாரையும் நோயாளியாக நடத்தாததுதான். சொல்லித்தருபவர்கள் மேடையில் ஆடுகிற கலைஞர்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை, தோள், முதுகு, பாதம். அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று செய்வது, முடிந்தவர்கள் கூடத்தின் குறுக்கே நடப்பது. பிசியோதெரபியில் "கையைப் பத்து தடவை தூக்குங்க" என்றால் ஐந்தாவது தடவையே அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். இங்கே அதே கைதான், அதே தூக்கல்தான், ஆனால் பாட்டு முடிகிற வரைக்கும் தூக்குகிறார்.

இதில் ரசவாதம் ஒன்றும் இல்லை. மூளைக்குள் ஆழத்தில் இருக்கிற பேசல் கேங்க்லியா என்ற பகுதிதான் நடையின் உள்தாளத்தைப் பார்த்துக்கொள்கிறது, பார்கின்சனில் நடப்பதுபோல டோபமின் என்கிற மூளை ரசாயனம் குறைந்தால் அது தடுமாறும், அதனால்தான் வாசல்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒரு தாளம் காதில் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கால் நகர்கிறது. இசை சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாவுட் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தினமும் அரை மணி நேரம் தாளத்துக்கு நடந்த பார்கின்சன்காரர்களின் நடை வேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் வீட்டில் கண்ணால் பார்ப்பதோடு பொருந்துகிறது.

எங்கள் ஊரில் ஒரு சென்டர் "இசை ரசவாத தெரபி" என்று போர்டு வைத்து, ஒரு அமர்வுக்கு நல்ல தொகை வாங்கிக்கொண்டு, எஃப்எம்மை ஓடவிட்டு வழக்கமான பயிற்சியையே கொடுத்தார்கள். பின்னால் பாட்டு ஓடினால் தெரபி ஆகிவிடாது, தாளமும் அடியும் ஒன்றாக விழ வேண்டும்.

குறைகள் இருக்கின்றன. முழுக்க ஆங்கிலம், பியானோ. "அலை மாதிரி கையை விடுங்கள்" என்கிற ரகக் குறிப்புகளை நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா ரிட்டயர்டு தாசில்தார், பாலே கைகளைப் பார்த்து "இதெல்லாம் என்னடா கூத்து" என்றார். சரி என்று நடக்கிற பகுதிக்கு மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு, நாதசுரத்தில் மல்லாரி போட்டேன். சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, நடைக்கென்றே உள்ள இசை, தவில் அடி விழுகிற இடத்தில் அவர் கால் தானாக விழுந்தது. ஒரு சிக்கல், மல்லாரியில் காலம் மாறும், வேகம் கூடும்போது கூடவே ஓடப் பார்ப்பார், விழுந்துவிடுவார். ஒரே காலத்தில் வரும் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். சீராகத் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் ஆப்பும் போதும்: நிமிடத்துக்கு இயல்பாக எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி அதில் தொடங்கலாம், வேகத்தை ஏற்றுவதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

வகுப்பு முடிந்த கொஞ்ச நேரம் நடை நன்றாக இருக்கும், ராத்திரிக்குள் பழையபடி ஆகிவிடும். நோயைக் குறைக்கும் என்று நினைத்து வராதீர்கள், மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். லெவோடோபா (டோபமின் குறையை ஈடுகட்டும் மாத்திரை) வேலை செய்கிற நேரத்தில் வகுப்பை வைத்துக்கொண்டால்தான் இது எடுபடுகிறது, மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில் எந்தத் தவிலும் உதவவில்லை.

இந்தியாவிலேயே நேரில் வேண்டுமென்றால் புனேயில் ஹ்ரிஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர் பார்கின்சன் உள்ளவர்களுக்கு வகுப்பு நடத்திவருகிறார். தமிழில் இப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை, பரதம் சொல்லித்தருகிறவர்கள் யாராவது யோசிக்கலாம், தாளத்துக்குக் காலைத் தட்டி வைக்கிற தட்டிமெட்டு அடவு கையில் இருக்கிறதே. வீட்டில் செய்பவர்கள் சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலியாகப் பார்த்துப் போடுங்கள், பாய், மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். நிற்கவே முடியாதவர்கள் உட்கார்ந்து செய்யும் பகுதியை மட்டும் செய்யலாம், அதுவே நல்ல வேலை வாங்கும்.