லோயர் ஃபோர்ட் கேரி: கடைக் கட்டடத்தில் தொடங்குங்கள்

கனடாவின் வின்னிபெக் நகரிலிருந்து செல்கிர்க் போகும் வழியில், வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில், ரெட் ஆற்றின் மேற்குக் கரையில் நிற்கிறது இந்தக் கற்கோட்டை. நுழைந்ததும் நேராக ஆளுநர் மாளிகைக்குப் போய்விடாதீர்கள்.

1826 வெள்ளம், இன்றைய வின்னிபெக்கில் ரெட், அசினிபாயின் ஆறுகள் சேரும் இடத்தில் இருந்த பழைய கோட்டையைச் சிதைத்தது. ரோமத்தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன், வெள்ளம் ஏறாத மேட்டுக்கரை என்று இங்கே 1830இல் புதுத் தலைமையகம் கட்டத் தொடங்கினார். குடியேறிகளின் நிலமும் சந்தையும் பழைய இடத்தைச் சுற்றியே இருந்ததால் ஐந்தே ஆண்டில் நிர்வாகம் அங்கே திரும்பியது. இது கிடங்காகவும் பண்ணையாகவும் மாறியது. கம்பெனியின் அன்றாட வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது ரோமத்தோல் கிடங்குக் கட்டடம். கீழே கம்பளி, கெண்டி, தேயிலை, துப்பாக்கி அடுக்கிய 1850களின் கடை. மேலே தொங்கும் தோல்கள். தோல்களை அமுக்கி சுமார் 40 கிலோ கட்டாகக் கட்டுவார்கள். படகு போகமுடியாத இடங்களில் ஆள் முதுகில் சுமக்கவேண்டும் என்பதால்தான் அந்த எடை. வரும் சரக்கும் அதே அளவில்தான். கம்பெனியின் சரக்குப் படகான யார்க் படகு ஒன்று ஏறக்குறைய மூன்று டன் ஏற்றும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பாறைநீரோட்டத்துக்குக் கீழே இருப்பதால், வின்னிபெக் ஏரி வழியாக, ஹட்சன் விரிகுடாக் கரையில் இருந்த கம்பெனிக் கிடங்கான யார்க் ஃபேக்டரிக்குச் சென்ற படகுகளுக்கு இது வசதியான துறை. வழிகாட்டிகளிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள், அப்போதுதான் கட்டுகளின் அளவு புரியும்.

குறை என்றால் அது வேளாண்மைப் பக்கத்தில்தான். ஓடைக்கரையில் இருந்த மாவு ஆலையும் மதுவடிப்பகமும் இப்போது இல்லை. 1818, 1819இல் வெட்டுக்கிளிகள் இந்த ரெட் ஆற்றுக் குடியேற்றத்தின் பயிரைத் தின்றதும், 1820இல் விதைக்கோதுமை தேடித் தெற்கே இன்றைய அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள பிரேரி டு ஷீன் வரை ஆள் போனதும் இங்கே இன்னும் விரிவாகச் சொல்லப்பட வேண்டியவை. பயிர் பொய்த்த ஆண்டுகளில் மக்களைக் காத்தது எருமையிறைச்சியைக் கொழுப்போடு இடித்துச் செய்யும் பெமிக்கன்.

கனடா அரசு பூர்வகுடிகளோடு செய்த எண்ணிட்ட உடன்படிக்கைகளில் முதலாவது, 1871 ஆகஸ்ட் 3இல் அனிஷினாபே, ஸ்வாம்பி கிரீ மக்களோடு கையெழுத்தானது இங்கேதான். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

கட்டடங்கள் மே நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும்; தேதிகளைப் பார்க்ஸ் கனடா தளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்று மணி நேரம் வேண்டும். ஜூனில் கொசு கடுமை, முழுக்கைச் சட்டை அவசியம்.