மாசா: போட்ஸ்வானா அரசின் எச்.ஐ.வி சிகிச்சைச் சேவை, 5க்கு 4 ஸ்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தச் சேவையில் மருந்து வாங்குபவன் இல்லை, துணைக்குப் போனவன். தலைநகர் கபரோனில் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு மூத்த அம்மா 2022இல் காலை உடைத்துக்கொண்டு எட்டு மாதம் வண்டி ஓட்ட முடியாமல் இருந்தார், அப்போது மருந்து வாங்கும் நாட்களில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தது நான்தான். அந்த ஊர் மொழியான செட்ஸ்வானாவில் இதற்கு மொபாட்டி என்று ஒரு பெயரே இருக்கிறது. கூட வருபவர் என்று அர்த்தம். சிகிச்சை ஆரம்பிக்கும்போதே, வேளாவேளைக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்பதற்கு வீட்டிலிருந்தோ நண்பர்களிலிருந்தோ ஒருவரை மொபாட்டியாகக் கூட்டி வரச் சொல்வார்கள். நான் டிரைவராகப் போய் மொபாட்டி ஆனவன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது, மருந்து வாசனையும் யாரும் யாரையும் பார்க்காத ஒரு வராந்தாவும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் "டுமேலா மா, டுமேலா ரா" என்று இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அட்டையைக் கேட்டார். அந்த ஊரில் வணக்கம் சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்காது என்பது உண்மைதான், ஆனாலும் அங்கே அதைக் கேட்டது நன்றாக இருந்தது. அப்புறம் எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரையை எண்ணினார்கள், அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்கள். யாரும் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன மாதிரி இருந்தது. மருந்துக்கு ஒரு தெபே கூட, அதாவது அந்த ஊர்ச் சில்லறைக் காசு ஒன்றுகூட, வாங்கவில்லை.

இது இவ்வளவு சாதாரணமாக இருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஏனென்றால் அந்த அம்மா சொன்ன பழைய கதை அப்படி இல்லை.

மாசா என்றால் செட்ஸ்வானாவில் விடியல். 2002 ஜனவரியில் கபரோனின் பிரின்சஸ் மரினா மருத்துவமனையில் தொடங்கினார்கள், ஆப்பிரிக்காவில் நாடு முழுவதற்கும் இலவசமாக எச்.ஐ.வி மருந்து தருவதாக ஓர் அரசு இறங்கியது அதுதான் முதல் முறை. அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 17 லட்சம், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தொற்று இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதிபர் ஃபெஸ்டஸ் மொகாய் 2001இல் ஐ.நா.வில் போய், எங்கள் இனமே அழிந்துபோகும் ஆபத்தில் இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். அதே காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்காவில் அதிபர் தாபோ ம்பெக்கி, எய்ட்ஸுக்கு அந்த வைரஸ்தான் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். ஒரு வேலி தாண்டினால் இப்படி, தாண்டாவிட்டால் அப்படி.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பகுதி அரசின் சொந்தப் பணம், அதாவது வைரச் சுரங்க வருமானம். அதோடு கேட்ஸ் அறக்கட்டளையும் மெர்க் நிறுவனத்தின் அறக்கட்டளையும் ஆளுக்கு 5 கோடி டாலர் தருவதாக வந்தன, மெர்க் தன் மருந்துகளை இலவசமாகவும் கொடுத்தது. பின்னால் அமெரிக்க உதவியும் வந்தது. சரி, பணமும் மருந்தும் இருந்தால் சேவை நடந்துவிடுமா? நாட்டில் அப்போது ஒரு மருத்துவக் கல்லூரி கூட இல்லை, 2009இல்தான் மாணவர்கள் சேர்ந்தார்கள். ஹார்வர்டோடு சேர்ந்து ஆய்வகம் கட்டி, கிட்சோ என்ற பெயரில் நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுத்து, கவுண்டர் கவுண்டராக அதை வளர்த்திருக்கிறார்கள்.

அந்த அம்மா 2003இல் சேர்ந்தவர். அப்போதெல்லாம் சி.டி.4 எண்ணிக்கை, அதாவது ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை, 200க்குக் கீழே போனால்தான் மருந்து, இல்லையென்றால் உடம்பு நன்றாகவே கெட்டிருக்க வேண்டும். போர்வையில் சுற்றித் தூக்கி வருவார்களாம். "என் அக்காவை 2000இல் புதைத்தோம், எனக்கு நோய் மூன்று வருஷம் பிந்தி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று வண்டியில் போகும்போது ஒருநாள் சொன்னார், சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம், நான் என்ன சொல்வதென்று தெரியாமல் ரேடியோவைக் குறைத்தேன்.

ஆரம்பத்தில் மாத்திரைகளும் காலை மாலை என்று கை நிறைய. இப்போது அவருக்கு டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று. 2016இல், சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் தொற்று இருந்தாலே மருந்து என்று மாற்றி, இந்த மருந்தை முதல் தேர்வாகவும் கொண்டுவந்தார்கள், ஆப்பிரிக்காவில் இதிலும் இவர்கள் முன்னால்.

பரிசோதனை பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. இருமல் என்று வேறொரு அரசு கிளினிக்குக்குப் போயிருந்தேன். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் அதே மூச்சில் எச்.ஐ.வி டெஸ்ட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் சொல்ல வேண்டியது நாம்தான். 2004இலிருந்து இப்படித்தான். மருந்து இருந்தும் பரிசோதனைக்கு ஆள் வராததால் கொண்டுவந்த ஏற்பாடு. இது ஒருவகைக் கட்டாயம் என்று மனித உரிமைக்காரர்கள் அப்போது சண்டை பிடித்தார்கள், அதில் நியாயம் இல்லாமல் இல்லை, வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் எத்தனை பேர் மாட்டேன் என்பார்கள்? ஆனாலும் விரலில் ஒரு குத்து, கொஞ்ச நேரத்தில் முடிவு, முடிந்தது. எல்லோரையும் கேட்பதால் என்னை மட்டும் ஏன் கேட்டார்கள் என்ற உறுத்தல் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். பல இடங்களில் எச்.ஐ.வி சிகிச்சைக்குத் தனிக் கட்டடம், வாசலில் ஐ.டி.சி.சி என்று பலகை. அந்த நான்கெழுத்துக்கு என்ன விரிவு என்று தெரியாதவருக்குக்கூட அங்கே யார் போகிறார்கள் என்பது தெரியும். சின்ன ஊர்களில் இதற்குப் பயந்தே வேறு ஊருக்குப் போய் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளே இத்தனை மரியாதை கொடுத்துவிட்டு வாசலில் காட்டிக்கொடுப்பதா?

அடுத்தது அட்டை. குடிமக்களின் அடையாள அட்டைக்கு ஒமாங் என்று பெயர், செட்ஸ்வானாவில் 'யார் நீ' என்று பொருள். பல வருடம் மாசா கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஜிம்பாப்வேயிலிருந்து வந்து வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அப்போது இலவச மருந்து கிடைக்கவில்லை. சிறையிலிருந்த வெளிநாட்டுக் கைதிகளுக்குக் கொடுக்கச் சொல்லி 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது, மற்ற வெளிநாட்டவருக்கு 2019இல்தான் கதவு திறந்தது. வைரஸ் அட்டை பார்த்துத் தொற்றுவதில்லை என்பது இவ்வளவு கெட்டிக்காரர்களுக்கு ஏன் 17 வருடம் பிடித்தது என்று எனக்குப் புரியவில்லை. அரை ஸ்டார் இதற்காகவே கழிந்தது.

மீதி அரை ஸ்டார் இருப்புக்காக. மூன்று மாதத்துக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை ஒரு தடவை ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்து அனுப்பினார்கள், மறுபடி விடிகாலை வரிசை. அது சின்னத் தொல்லை. வைர விற்பனை சரிந்து, 2025 ஆகஸ்டில் அதிபர் டூமா போகோ மருந்துத் தட்டுப்பாட்டுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தார் என்று படித்தபோது முதலில் அந்த அம்மாவுக்குத்தான் போன் செய்தேன். அவருக்கு மாத்திரை கிடைத்திருந்தது, பிரஷர் மாத்திரைதான் இல்லையாம்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுத்ததற்காக 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெள்ளித் தரச் சான்று கொடுத்தது, தொற்று இவ்வளவு அதிகமுள்ள நாடுகளில் அதை முதலில் வாங்கியது போட்ஸ்வானா. நான் போன நாட்களில் அங்கே குழந்தைகளை அதிகம் பார்க்காததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், பழைய டப்பாவை மறக்காதீர்கள். எங்கள் கடைசி நடையில் டப்பாவில் இரண்டு மாத்திரை கூடுதலாக இருந்தது. நர்ஸ் எண்ணி முடித்துவிட்டு அந்த அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.