நரம்பு பிசகிய குதிரைக்கு ஐஸா, சூட்டுப் பத்தா? கட்டிப்போடுவதா, உலவ விடுவதா?

முன்னங்காலில் முட்டிக்குக் கீழே பின்பக்கமாக இறங்கும் நாணை டாக்டர்கள் தசைநாண் என்பார்கள். லாயத்தில் எல்லாருக்கும் அது நரம்புதான். மெரினாவில் சவாரிக்குப் போகும் எங்கள் சுல்தானுக்குச் சித்திரையில் அது கிழிந்தது. விடிந்து பார்த்தால் கால் பின்பக்கம் வாழைக்காய் மாதிரி புடைத்திருந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்தோம். எலும்பு தப்பித்தது, நரம்பின் நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை. முழுசாகத் தேற 9 முதல் 12 மாதம் என்றார்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டார்கள்.

முதல் சண்டை குளிர்ச்சிக்கும் சூட்டுக்கும். நம் ஊரில் சுளுக்கு என்றாலே புளியும் உப்பும் காய்ச்சிச் சூடாகப் பத்து போடுவோம். முதல் 2, 3 நாளைக்கு அதைத் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் கசிந்து வீங்குகிற நேரத்தில் சூடு வைத்தால் வீக்கம் இன்னும் ஏறும். சரி, குளிர்ச்சி என்று முடிவானால் ஹோஸ் பைப்பா, கடலா, ஐஸா? குளிர் தேசத்துக்காரர்கள் பைப்பைத் திறந்து 20 நிமிடம் காலில் அடி என்பார்கள். சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரில் டீத்தூள் போடலாம். கடலில் நிறுத்து என்றார்கள். நம் கடல் வெதுவெதுப்பானது, போதாததற்கு அலை வந்து காலை இழுக்கும். கடைசியில் கைகொடுத்தது மீன் ஐஸ்தான். நொச்சிக்குப்பம் பக்கம் ஐஸ் பார் வாங்கி, கோணியில் போட்டு உடைத்து, ஆழமான பக்கெட்டில் தண்ணீரோடு கலந்து காலை உள்ளே வைப்போம். 20 நிமிடம், நாளுக்கு 4 தடவை. முதல் தடவை பக்கெட்டை உதைத்துத் தள்ளினான். வெறும் பக்கெட்டில் கால் வைக்கப் பழக்கிய பிறகு பேசாமல் நின்றான். காலில் சூடு தணிந்ததா என்று பார்க்க, புறங்கையை இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு சட்டென்று தெரியும்.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டால் நரம்பு இறுகும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதில் பலன் இல்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1983லேயே எழுதிவிட்டார்கள். அதற்குமேல் அதைப் பேச ஒன்றுமில்லை.

வலி மாத்திரை விஷயத்தில் திருவல்லிக்கேணி பாய் ஒருவர் சொன்னது மனதில் நிற்கிறது: "தம்பி, வலி போச்சுன்னா அது குதிக்கும். கொஞ்சம் வலி இருக்கட்டும், அதுதான் காவல்." பாதி சரி. டாக்டர் எழுதிய அளவு, எழுதிய நாள்வரை கொடுத்தோம். குதிரைக்கு அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். நாங்களாக ஒன்றைக்கூட நீட்டிக் கொடுக்கவில்லை.

கட்டு போடுவதா வேண்டாமா என்பதில் நான் ஒரு தப்பு செய்தேன். பஞ்சு போதாமல், துணியை இறுக்கிக் கட்டிவிட்டேன். காலையில் அவிழ்த்தால் சதையில் கயிறு மாதிரி தடம். அந்த இடத்தில் இப்போது முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். கனமான பஞ்சு, ஒரே சீரான இழுப்பு, இரண்டு முன்னங்காலுக்கும் கட்டு. நல்ல கால்தான் பாரத்தை எல்லாம் சுமக்கிறது, அதையும் மறந்துவிடக் கூடாது. சென்னைப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துத் தோல் அரிக்கும் என்பதால் எங்களுக்கு ராத்திரி மட்டும் கட்டு, பகலில் காற்றாட விட்டோம்.

லாயமா, திறந்த வெளியா என்பதில்தான் நான் பலரோடு முரண்படுகிறேன். கட்டிப்போட்டால் ஆறும் என்பது முதல் சில வாரங்களுக்குச் சரி. தகரக் கூரைக்குக் கீழே மாசக்கணக்கில் நின்றால் வேறு வியாதி வரும்: வயிற்று வலி, சதை வற்றல், கதவைக் கடிப்பது. அதற்காக மைதானத்தில் அவிழ்த்துவிட்டால் ஒரே பாய்ச்சலில் இரண்டு மாச வேலை போச்சு. நடுவே ஒரு வழி இருக்கிறது. கையில் பிடித்து 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுவது. மூன்றாம் மாத ஸ்கேன் நன்றாக இருந்த பிறகு நாலு கம்பு நட்டு, திரும்ப மட்டும் இடமுள்ள சின்னக் கொட்டில். ஓடாத குதிரைக்குக் கொள்ளும் ஓட்ஸும் பழைய அளவில் வைத்தால் திமிறும், குளம்புக்கும் கேடு. பாதிக்கும் கீழே குறைத்துப் புல்லைக் கூட்டினோம்.

நடத்துவது எங்கே? கடற்கரை பக்கத்தில் இருக்க மணலில்தானே என்பார்கள். காய்ந்த மணலில் குளம்பு புதைந்து, இழுத்தெடுக்கும் ஒவ்வொரு எட்டிலும் அந்த நரம்புதான் பாடுபடும். மெத்தென்ற தரை எலும்பு அடிக்கு இதம், நரம்புக்கு அல்ல. விடிகாலை 5 மணிக்கு, தார் சுடுவதற்கு முன், சமமான ரோட்டில்தான் நடத்தினோம்.

இப்போது கார்த்திகை, ஏழாவது மாதம். மழைச் சேற்றில் வழுக்கும் என்று கொட்டிலை மூடிவிட்டு மறுபடி லாயத்துக்குள் விட்டிருக்கிறோம். மழை விட்ட காலைகளில் 40 நிமிட நடையும், இடையில் 5 நிமிடத் துள்ளோட்டமும். சவாரிக்கு எப்போது என்று பாய் தினமும் கேட்கிறார். அடுத்த ஸ்கேன் தை கடைசியில்.