2021 முதல் நானே தாக்கல் செய்யும் வருமான வரி: ஒரு நிட்டிங் ஜாப் ஒர்க்காரரின் அனுபவம்

வருமான வரித் துறையின் இப்போதைய இணையதளம் 2021 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அது பலரையும் பாடாய்ப் படுத்தியதும், அந்த ஆண்டு தனிநபர்களுக்கான கடைசித் தேதி டிசம்பர் 31 வரை தள்ளிப்போனதும் எல்லோரும் அறிந்தவை. அந்த ஆண்டிலிருந்துதான், திருப்பூரில் உள்ள என் நிட்டிங் யூனிட்டின் ரிட்டர்னை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பாமல் நானே போட்டு வருகிறேன். இந்த ஆண்டு ரீஃபண்ட் குறைந்து வந்திருக்கும் நேரத்தில் இதை எழுதுவதால் வார்த்தைகளில் கோபம் தெரியக்கூடும். ஆனாலும் நல்லதை நல்லது என்று முதலில் சொல்லிவிடுவதே முறை.

எங்களைப் போன்ற சிறு யூனிட்டுகளுக்கு ஐ.டி.ஆர்-4 என்ற எளிய ரிட்டர்ன் படிவமும், லாபத்தை உத்தேசமாகக் காட்ட விடும் 44ஏடி பிரிவும் உண்மையிலேயே பெரிய உதவி. ஆண்டு வரவு 2 கோடிக்குள் இருந்தால், ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 3 கோடிக்குள் இருந்தால், செலவுக் கணக்கை ஒவ்வொன்றாகக் காட்டாமல் வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் போதும். உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். 2021 நவம்பரில் வந்த ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி. வங்கி வட்டி, ஜி.எஸ்.டி.யில் காட்டிய விற்றுமுதல், பிடித்தம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. மறந்துபோன ஒரு பழைய டெபாசிட்டின் வட்டியைக்கூட அது காட்டிக் கொடுத்துவிடுகிறது. தாக்கல் செய்த கையோடு ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்துவிட்டால் பெங்களூருக்குத் தபால் அனுப்பும் வேலையும் இல்லை. இதை மட்டும் 30 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். விட்டால் போட்ட ரிட்டர்ன் போடாததற்குச் சமம்.

இத்தனை நன்றாக இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் என் நிம்மதியைக் கெடுப்பது ஒன்றே ஒன்று: வேலை தரும் கம்பெனி, அதாவது பார்ட்டி, நம் கூலியிலிருந்து முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டி.டி.எஸ்.

நூல் பார்ட்டியுடையது, துணியாக ஓட்டிக் கொடுப்பதற்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற கூலி மட்டுமே எங்களுடையது. அந்தக் கூலியில் 194சி பிரிவின்படி, தனிநபர் யூனிட் என்றால் 1 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கம்பெனிகள் பணம் தருகின்றன. ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடித்தம் உண்டு. ஒரு சதவீதம்தானே என்று வெளியார் நினைக்கலாம். ஆண்டுக்கு 50 லட்சம் கூலி பில் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழுவதும் வங்கியில் வந்ததென்றால் 6 சதவீதக் கணக்கில் அவருடைய லாபம் 3 லட்சம், பிடித்தமோ 50,000. அதாவது லாபத்தில் ஆறில் ஒரு பங்கு முன்கூட்டியே போய்விடுகிறது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. 12 லட்சம் வரையிலும் தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. எனவே அந்த 50,000 முழுவதும் திரும்பி வர வேண்டிய பணம். எங்கள் தொழிலில் அது ஊசி, ஆயில், கரன்ட் பில் கட்டும் பணம்.

வரி இல்லையென்றால் ரிட்டர்னும் தேவையில்லை என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் வேரூன்றிக் கிடக்கிறது, அது தவறு. ஆண்டுப் பிடித்தம் 25,000 ரூபாயைத் தொட்டாலே, வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் தாக்கல் கட்டாயம். தொழில் விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டினாலும், மின்கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் அப்படியே. தேதி தவறினால் 234எஃப் பிரிவின்படி தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். வரி பாக்கியும் இருந்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி தனி. ஒரு மாதத்தில் ஒரு நாள் சேர்ந்தாலும் முழு மாதக் கணக்குத்தான்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் என்ற அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு பார்ட்டியின் பெயருக்கும் கீழே வரிசை வரிசையாகப் பதிவுகள் இருக்கும்: பிரிவு 194சி, தேதி, தொகை, பிடித்தம், அதற்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து. அந்த எழுத்து எஃப் என்றால் பதிவு முடிந்தது, பணம் அரசுக்குச் சேர்ந்தது. யூ என்றால் கட்டிய செலானோடு பொருந்தவில்லை. பிடித்தது எவ்வளவு என்பதை என் பில்லும் வங்கிக் கணக்கும் தெளிவாகச் சொல்லும். ஆனால் அது எனக்கு வரவாக வேண்டுமென்றால், பார்ட்டி தன் காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்து, அதில் என் பான் எண்ணைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்தை ஏப்ரல் 30-க்குள் கட்ட வேண்டும், ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறிக்கையை மே 31-க்குள் போட வேண்டும், ஜூன் 15-க்குள் எனக்கு 16ஏ என்ற பிடித்தச் சான்று தர வேண்டும் என்பது சட்டம். நான் வேலை செய்து கொடுக்கும் ஓர் ஏற்றுமதி கம்பெனி இந்த மூன்றில் ஒன்றையும் உரிய தேதியில் செய்யவில்லை.

கேட்கப் போனால் அக்கவுன்ட்ஸ் பிரிவில், "போட்டாச்சுங்க, ஏறிடும்" என்ற ஒரே பதில்தான். அவர்களோடு சண்டை போட முடியாது. அடுத்த மாத ஆர்டர் அவர்கள் கையில் இருக்கிறது. என் வரவு ஒருவருடைய அலட்சியத்தைச் சார்ந்திருக்கிறது, அந்த ஒருவரிடம் குரலை உயர்த்திக் கேட்கும் நிலையில் நான் இல்லை. இதுதான் இந்த ஏற்பாட்டின் குறை. சட்டம் அவர்களைச் சும்மா விடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அறிக்கை தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம், பிடித்ததைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீத வட்டி, எல்லாம் உண்டு. ஆனால் அவை முழுவதும் அரசுக்குப் போகின்றன. பணத்தை இழந்து நிற்பவருக்கு அதில் ஒரு ரூபாயும் வருவதில்லை. பிடிக்கப்பட்ட வரியை மறுபடியும் நம்மிடம் கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அது வரி பாக்கி உள்ளவருக்குக் கேடயம். ரீஃபண்ட் வர வேண்டியவருக்கு அதனால் பணம் வந்துவிடாது. அரசு நம்மிடம் வாங்கும் வட்டி மாதத்துக்கு 1 சதவீதம், ரீஃபண்டுக்குத் தரும் வட்டி அரை சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது கோபம் வராமல் இருப்பது கடினம்.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு வேலை செய்கிறார்கள்: 26ஏஎஸ்-இல் எல்லாம் ஏறட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். 2024-25 நிதியாண்டுக்கு ஜூலை 31 என்ற தேதி செப்டம்பர் 15 வரையிலும், கடைசியில் ஒரு நாள் கூட்டி 16 வரையிலும் நீட்டிக்கப்பட்டது. எல்லா ஆண்டும் அப்படி நீளும் என்று நம்பித் தொழில் நடத்த முடியாது. தேதி போனால் கட்டணம் மட்டுமல்ல, தொழில் நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகும் உரிமையும் போய்விடும். ரீஃபண்டுக்கான வட்டியும் ஏப்ரல் 1-இலிருந்து கணக்கிடப்படாமல், நாம் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படும். ஆகவே கையில் உள்ள பில்லையும் வங்கிக் கணக்கையும் வைத்து உரிய தேதிக்குள் தாக்கல் செய்து, அறிக்கையில் ஏறாத பிடித்தத்தையும் கம்பெனியின் டான் எண்ணோடு (பிடித்தம் செய்பவருக்கான அடையாள எண்) நாமே சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தப் பகுதி மட்டும் மறுக்கப்பட்டு 143(1) பிரிவின்படி துறையின் கணக்கு அறிவிப்பு வரும். வரட்டும். பதிவு பின்னால் ஏறியதும் 154-ஆம் பிரிவின் கீழ் திருத்தம் கேட்டு மறுக்கப்பட்டதைப் பெறலாம். அதற்கு நான்காண்டு அவகாசம் இருக்கிறது.

மார்ச் மாதப் பில்லை கம்பெனி அடுத்த நிதியாண்டில் வரவு வைத்துப் பிடித்தம் செய்வதும் இங்கே சாதாரணம். வருமானத்தை முந்தைய ஆண்டில் காட்டிவிட்டோம், பிடித்தம் அடுத்த ஆண்டில் நிற்கிறது என்ற சிக்கலுக்கு 2023 அக்டோபர் முதல் படிவம் 71 இருக்கிறது. பிடித்தம் செய்த நிதியாண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் கேட்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் பிடித்தம் கூலிக்கு மட்டுமே. சில கம்பெனிகள் வரியையும் சேர்த்த மொத்தத் தொகைக்குப் பிடித்துவிடுவதால் 26ஏஎஸ்-இல் நம் வரவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். வங்கியில் கொடுப்பதைப் போல, தனக்கு வரி வராது என்று உறுதி சொல்லும் 15ஜி படிவம் கொடுத்துப் பிடித்தத்தை நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: அது ஜாப் ஒர்க் கூலிக்குச் செல்லாது. படிவம் 13 போட்டு அதிகாரியிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்குவது ஒன்றே வழி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கமோ தாராபுரம் பக்கமோ தோப்பு இருந்து விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்-4 போட முடியாது, ஐ.டி.ஆர்-3 தான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அது சேரும். கோழிப்பண்ணை, பால் வருமானம் விவசாயம் ஆகாது. பிடித்தம் போக வரி 10,000 ரூபாயைத் தொடும் நிலையில் உள்ளவர்கள், 44ஏடி-யில் இருந்தால், அட்வான்ஸ் டேக்ஸ் முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டிவிட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், நான் சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் பழைய சட்டத்துடையவை என்று கொள்ள வேண்டும்.

பல்லடம் சாலையில் புதிதாக யூனிட் போட்டிருக்கும் தம்பி ஒருவர், "ஏனுங்ணா, ஆடிட்டருக்குக் கொடுக்காம ரிட்டர்ன நாமளே போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டதால்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது. இணையதளத்தை இத்தனை புகழ்ந்த பிறகும் அவருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. சம்பளக்காரரும், வட்டி வருமானம் மட்டும் உள்ளவரும் தாராளமாகத் தாங்களே போடலாம். பல கம்பெனிகளுக்குக் கூலி ஓட்டும் புதியவர் முதல் சில ஆண்டுகளாவது ஆடிட்டரிடம் கொடுக்கட்டும். ரிட்டர்ன் போடுவது அங்கே சிறு வேலை. கம்பெனியின் கணக்காளரை விடாமல் அழைத்து, "எங்க கிளையன்டோட நாலாவது குவார்ட்டர் இன்னும் ஏறலைங்க" என்று கேட்க ஆர்டர் போய்விடும் என்ற பயமில்லாத ஒருவர் வேண்டும்.

நான் என் ரிட்டர்னைத் தொடர்ந்து நானே போடுவேன். அந்தக் கம்பெனியின் அறிக்கை இந்த அக்டோபரில் ஒருவழியாக ஏறி, என் வரிசைக்குப் பக்கத்தில் எஃப் விழுந்துவிட்டது. திருத்த விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. இனி பான் எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுவதாகவும், ஜூலை, அக்டோபர், ஜனவரி, மே மாத இறுதிகள் கழிந்து ஒரு வாரத்தில் 26ஏஎஸ்-ஐத் திறந்து பார்ப்பதாகவும், முந்தைய காலாண்டு ஏறாத கம்பெனிக்குப் புதிய வேலைக்குக் கிலோவுக்கான கூலியைக் கூட்டிக் கேட்பதாகவும் முடிவு செய்திருக்கிறேன்.