'ஃபீட்' நாவலா, 'வேர்ல்டு வார் இசட்' நாவலா?

எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு, இறந்தும் எழுந்து மனிதரைக் கடிக்கும் நடைபிணங்களான ஜோம்பிகளைப் பற்றிய நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, இரண்டு ஆங்கில நாவல்கள் போட்டியில் நின்றன: மேக்ஸ் புரூக்ஸின் 'வேர்ல்டு வார் இசட்' (2006), ஷானன் மெக்வயர் மீரா கிராண்ட் என்ற புனைபெயரில் எழுதிய 'ஃபீட்' (2010). இரண்டையும் மறுபடி படித்துவிட்டு 'ஃபீட்' நாவலையே முன்மொழிந்தேன்.

புரூக்ஸின் கதைசொல்லி, ஜோம்பிகளுடனான போர் ஓய்ந்தபின் ஐ.நா. ஆணையத்துக்காக உலகெங்கும் சென்று பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டியவர். அறிக்கையில் இடம்பெறாமல் போன மனிதக் கதைகளே நூலாகின்றன. சீனக் கிராமத்தில் முதல் நோயாளியைப் பார்த்த மருத்துவர் முதல், பயனற்ற தடுப்பூசியை விற்றுக் கொழுத்து அண்டார்டிகாவில் பதுங்கிய வணிகர் வரை விரியும் அதன் பரப்புக்கு ஈடில்லை. ஆயினும் பெரும்பாலோர் சில பக்கங்களில் விடைபெற்றுவிடுகிறார்கள். கேள்வி கேட்பவரையோ நாம் அறிவதே இல்லை.

'ஃபீட்' செய்தியாளரையே நடுவில் நிறுத்துகிறது. சளியை ஒழிக்க உருவாக்கிய கிருமியும் புற்றுநோயை அழிக்க உருவாக்கிய கிருமியும் 2014-இல் கலந்து கெல்லிஸ்-அம்பர்லீ என்ற புதுக் கிருமி பிறக்கிறது. அது எல்லோர் உடலிலும் உறங்குகிறது. இறந்தாலோ கடிபட்டாலோ விழித்துக்கொண்டு ஆளை ஜோம்பியாக்குகிறது. பெரிய ஊடகங்கள் நம்ப மறுத்த நாட்களில் உண்மையைச் சொன்ன வலைப்பதிவர்களையே பிறகு மக்கள் நம்புகிறார்கள். அவர்களில் ஜார்ஜியா, ஷான் என்ற இணைபிரியா உடன்பிறப்புகள், செனட்டர் ஒருவரின் அதிபர் தேர்தல் பிரசாரத்தோடு பயணிக்கிறார்கள். தலைப்பும் செய்தியோடை, தீனி என இரு பொருள் தருகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது, கிருமி விழித்துவிட்டதா என்று பார்க்க 'ஃபீட்' நாவலில் நடக்கும் இரத்தப் பரிசோதனைதான். வீட்டு வாசல், வண்டி, விடுதி, கூட்ட அரங்கு என எங்கு நுழைந்தாலும் ஒரு சிறு பெட்டியில் கையை வைக்க வேண்டும். ஊசி குத்தும், சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும், பச்சையில் நின்றால்தான் கதவு திறக்கும். முதல் வாசிப்பில் இந்தத் திரும்பத் திரும்ப வரும் விவரிப்பு எனக்குச் சலிப்பூட்டியது. 2020-க்குப் பிறகு, கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியின் முன் மூச்சடக்கி நின்ற அனுபவத்தோடு வாசித்தபோது, ஆசிரியர் நம் கையைப் பிடித்துப் பழக்கியிருக்கிறார் என்று புரிந்தது. அத்தனை பச்சை விளக்குகளைக் கடந்து வந்ததனால்தான், பிற்பகுதியில் ஒரு விளக்கு சிவப்பில் நின்றுவிடும்போது நம் நெஞ்சு நின்றுவிடுகிறது. பல குரல்களை அடுக்கிச் செல்லும் புரூக்ஸின் வடிவத்தில் இப்படியொரு அடி விழ வழியே இல்லை.

குறையும் உண்டு. சதிகாரர் யார் என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். அமெரிக்கத் தேர்தல் முறையை நான் படித்து அறிந்தது மட்டுமே என்பதால், பிரசாரக் காட்சிகள் எவ்வளவு இயல்பானவை என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். தொடர்ச்சிகளான 'டெட்லைன்', 'பிளாக்அவுட்' இரண்டையும் ஒருமுறைதான் படித்தேன்; முதல் நூலின் இறுக்கம் அவற்றில் தளர்வதாகத் தோன்றியது, மறுவாசிப்பில் கருத்து மாறலாம். போர் வியூகமும் பல நாட்டு அரசியலும் வேண்டுவோருக்குப் புரூக்ஸே பொருத்தம். 2013-இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களும் நூலைத் தேடிப் படிக்கலாம், அந்த நேர்காணல் வடிவம் படத்தில் இல்லை.

வட்டத்தின் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்: பரிசோதனைப் பத்திகளைத் தாண்டிச் செல்லாமல் படித்து வாருங்கள்.