ஹைட்ரோமீட்டர்: மெதுவாகிப்போன கோல்ஃப் கார்ட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது

ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு மிதவை, மேலே பிதுக்குவதற்கு ரப்பர் குமிழ், கீழே ரப்பர் மூக்கு. ஹைட்ரோமீட்டர் என்பது இவ்வளவுதான். பேட்டரியின் ஆசிட்டை உறிஞ்சினால் அதன் அடர்த்தியை மிதவை காட்டும்; சார்ஜ் ஏற ஏற அடர்த்தியும் ஏறும். குடியிருப்பு வளாகத்துக்குள் பெரியவர்களையும் அவர்களுடைய பைகளையும் ஏற்றிப் போகும் கோல்ஃப் கார்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் கருவிப்பெட்டியில் இருப்பதிலேயே விலை குறைந்த சாமான்களில் இது ஒன்று. 'வண்டி இழுக்கவே மாட்டேங்குது' என்று டிரைவர் வந்து நிற்கும்போது இதற்குத்தான் மவுசு.

அதற்கு வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எங்கள் வண்டிகள் 48 வோல்ட். 8 வோல்ட் பேட்டரி ஆறு, சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தவை. ஒவ்வொன்றிலும் நான்கு செல், ஆக மொத்தம் 24 செல். முழு சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்வில் நின்ற பிறகு மீட்டர் வைத்தால் மொத்தத்தில் 51 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு செல் நோஞ்சானாக இருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு காட்டிவிடும், அதுதான் சிக்கல். சீரீஸில் எல்லா செல்லுக்கும் ஒரே கரண்ட்தான். மேடு ஏறும்போது பலவீனமான செல் முதலில் காலியாகும். மற்றவை தள்ளுகிற கரண்ட் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்ய ஆரம்பிக்கும். மொத்த வோல்ட்டேஜ் விழும், மோட்டார் சோர்ந்துபோகும். வண்டியை நிறுத்தி மீட்டர் வைத்தால் வோல்ட்டேஜ் மறுபடி எழுந்து நிற்கும், ஒன்றுமே நடக்காததுபோல.

ஓட்டிக்கொண்டே அளந்தால் மல்டிமீட்டரும் உண்மையைச் சொல்லும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, ஒவ்வொரு பேட்டரியிலும் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் குற்றவாளி பேட்டரி தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் எந்த செல், அது செத்ததா, வெறும் சார்ஜ் பற்றாமல் இருக்கிறதா என்பதையெல்லாம் ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும்.

ஆசிட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல எத்தனை மடங்கு என்பதைத்தான் கிராவிட்டி என்கிறோம். பட்டறையில் 1.277 என்பதை '1277' என்றுதான் படிப்போம், ஒரு புள்ளி என்றால் 0.001. டிரோஜன் நிறுவனத்துப் பேட்டரிகளின் அட்டவணையில் முழு சார்ஜுக்கு அந்த எண்தான். பாதி சார்ஜில் 1170-க்கும் 1200-க்கும் நடுவே வரும், தயாரிப்பைப் பொறுத்து மாறும். இதெல்லாம் 27 டிகிரி செல்சியஸில். அதற்கு மேல் ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் நான்கு புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டும், கீழே போனால் கழிக்க வேண்டும். உண்மையில் நான் பார்ப்பது எண்ணைவிட வித்தியாசத்தை. எல்லா செல்லும் 1260-க்கும் 1275-க்கும் நடுவே நின்றால் நிம்மதி. 30 புள்ளிக்கு மேல் விலகினால் ஈக்குவலைஸ் சார்ஜ், அதாவது எல்லா செல்லையும் சமமாக்க வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றும் சார்ஜ், போட வேண்டும். அதைப் போட்டும் ஒரு செல் மட்டும் 50 புள்ளி, அதற்கு மேலும் பின்தங்கியே நின்றால் அந்தப் பேட்டரியிடம் இனி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு வண்டிக்கு 'ஆறையும் மாத்திடுங்க' என்று சர்வீஸ்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிராவிட்டி பார்த்தால் ஒரே ஒரு செல் 1150, மற்றதெல்லாம் 1260-க்கு மேல். ஒரு பேட்டரியை மட்டும் மாற்றினோம். அதுவும் புத்தம் புதிதாக இல்லை; ஏறக்குறைய அதே வயதில், அதே மாடலில் கைவசம் நன்றாக இருந்த ஒன்று. பழைய கூட்டத்தில் புதிய பேட்டரியைச் சேர்த்தால் புதியதும் பழையவற்றின் போக்கிலேயே சீக்கிரம் கிழடாகிவிடும்.

இன்னொரு வண்டியில் நேர்மாறு. எல்லா செல்லும் அணிவகுப்பு மாதிரி ஒரே கோட்டில். அப்புறம் பேட்டரிப் பக்கம் என்ன வேலை? ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் சுற்ற மறுத்தது. பிரேக் ஷூ முழுதாக விடவில்லை. டயரில் காற்றும் குறைவு. இன்னும் தேடினால், ஒரு கேபிள் லக் (கேபிள் முனையில் டெர்மினலோடு இறுக்கும் உலோகத் துண்டு) அருகே இன்சுலேஷன் தொட முடியாத அளவுக்குச் சூடு. ஒரு மோசமான இணைப்பில் 150 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் விழுந்தால் 75 வாட் அங்கேயே சூடாக வீணாகிறது. அப்படி நான்கைந்து இணைப்புகள் இருந்தால் வண்டி எப்படி இழுக்கும்? டெர்மினலைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, லக்கை மாற்றிச் சரியான முறுக்கில் இறுக்கினோம். வேகம் திரும்பிவிட்டது. அதிலும் சரியாகாவிட்டால் அடுத்து சொலினாய்டு (மோட்டாருக்குப் போகும் பெரிய கரண்ட்டை இணைக்கும் சுவிட்ச்), ஆக்சிலரேட்டர் சென்சார், மோட்டாரின் ஸ்பீடு சென்சார் என்று போக வேண்டியிருக்கும். பேட்டரி பில்லைத் தவிர்த்ததில் ஹைட்ரோமீட்டரின் பங்கு, 'பேட்டரியில் தேடாதே' என்று சொன்னது.

இனி குறைகள். ரப்பர் மூக்கு சொட்டும். சொட்டுவது ஆசிட். பேன்ட்டில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைத்து எடுத்தால் ஓட்டை. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. மிதவை குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நேராகப் பிடித்து, லேசாகத் தட்டி, கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கிராவிட்டி எடுக்குமுன் இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டால்தான் செல்லின் ஆசிட் ஒழுங்காகக் கலந்து சரியான அளவு வரும். தண்ணீர் ஊற்றிய உடனே அளப்பது வீண், மேலே தண்ணீரும் கீழே ஆசிட்டுமாக இருக்கும். மட்டம் மிகக் குறைந்த செல்லில் மிதவை எழும்பும் அளவுக்குத் திரவமே கிடைக்காது. சீல் செய்த ஏஜிஎம், ஜெல், லித்தியம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது எதற்கும் உதவாது.

பெரிய எரிச்சல் ஒன்று உண்டு, மிதவையில் அடித்திருக்கும் வண்ணப் பட்டைகள். பச்சை என்றால் நல்லது என்று டிரைவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1250-ம் பச்சை, 1280-ம் பச்சை. நமக்கு வேண்டிய வித்தியாசமே அதற்குள்தான் இருக்கிறது! நாலைந்து வண்ண உருண்டைகள் போட்ட சின்ன மாடல் இன்னும் மோசம், அதை வாங்குவதும் ஒன்று, வாங்காததும் ஒன்று. ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து ஒரு சொட்டில் அளந்துவிடும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்ல பொருள்தான், வண்டிகள் நிறைய இருந்தால் யோசிக்கலாம்.

இதை வாங்கியதில் எதிர்பாராத லாபம், மாதம் ஒருமுறை மூடிகளைத் திறக்கும் பழக்கம் வந்ததுதான். திறந்தால்தானே தண்ணீர் குறைந்தது கண்ணில் படும்? டிஸ்டில்டு வாட்டர் மட்டும், சார்ஜ் முடிந்த பிறகு, மூடித் துளையிலிருந்து உள்ளே இறங்கும் கழுத்தின் அடிவிளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே வரை. சார்ஜுக்கு முன் தட்டுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் விட்டுச் சார்ஜ் போட வேண்டும். முழுக்க நிரப்பினால் பொங்கி வழியும். ஆசிட் மட்டும் ஒருபோதும் ஊற்றக் கூடாது, தண்ணீர்தான் குறைகிறது, ஆசிட் அல்ல. ஓடி முடித்த வண்டியை அன்றே சார்ஜில் போட வேண்டும். அரைகுறை சார்ஜில் நாள் கணக்கில் நின்றால் தட்டுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் கிராவிட்டி ஏறவே ஏறாது. சார்ஜ் போடும்போதும், ஈக்குவலைஸ் செய்யும்போதும் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். எனவே கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. ஈக்குவலைஸ் செய்வது திரவம் உள்ள பேட்டரிக்கு மட்டும்.

வாங்கும்போது எண்கள் பெரிதாக அச்சிட்டிருக்கிறதா, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஐந்து புள்ளிதானா என்று பாருங்கள். பத்துப் புள்ளிக்கு ஒரு கோடு இருந்தால் வேண்டாம். தனியாக ரப்பர் மூக்கு கிடைத்தால் ஒன்று சேர்த்தே வாங்கிவிடுங்கள், முதலில் கெட்டுப்போவது அதுதான். பயன்படுத்தியதும் சுத்தத் தண்ணீரை உறிஞ்சி நாலு முறை அலசிவிட்டு, மூக்கு கீழே இருக்கும்படி தொங்கவிட்டால் போதும்.